‘டிரைவர் அண்ணை’ பாட்டைப் பாடியது ஆர்?

1

சிட்னியில் எங்கள் ஆட்கள் விழா வைத்தால், குற்றவாளி யார் என்பது விழாவுக்கு முன்னமே முடிவாகிவிடும். அது சவுண்டுக்காரன். பேச்சாளர் மைக்கை வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு பேசினாலும் சவுண்டுக்காரன் சரியில்லை. பாடகர் சுருதியை விட்டு இறங்கி ஓடினாலும் சவுண்டுக்காரன் சரியில்லை. சோற்றில் உப்புக் குறைந்ததற்கு மட்டும் இன்னும் என்னைப் பிடிக்கவில்லை. அதுவும் வரும்.

ஆம், அந்தச் சவுண்டுக்காரன் நான்தான். பெயர் குகன். வவுனியாவில் படிப்பு என்னைக் கைவிட்டதா, நான் படிப்பைக் கைவிட்டேனா என்பதில் எனக்கும் வாத்தியார்மாருக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. கிழமை நாட்களில் பென்டில் ஹில்லில் ஒரு தமிழ்க் கடைக்கு வான் ஓட்டுகிறேன். அரிசி மூட்டை, உறைந்த பராட்டா, தங்கத்தின் விலையில் முருங்கைக்காய். சனி, ஞாயிறில் அதே வானில் ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பெரியபிள்ளையான பெட்டைகளின் சாமத்திய வீடு, அரங்கேற்றம், சங்க விழா என்று திரிவேன். மிருதங்கத்தில் முருங்கைக்காய் மணப்பதாக ஒரு வித்துவான் முறைப்பாடு செய்திருக்கிறார். என் விசாவைப் பற்றிக் கேட்காதீர்கள். எனக்குத் தந்திருப்பது பிரிட்ஜிங் விசா. பாலத்தில் ஏற்றி விட்டிருக்கிறார்கள். அக்கரையில் இறங்க விடுவார்களா என்று கேட்டுக் கடிதம் போட்டால், உங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் கடிதம் போடுகிறார்கள்.

நான் குடியிருப்பது ரோகிணி அன்ரி வீட்டின் பின்பக்கத்து அறையில். ரோகிணி அன்ரி சும்மா ஆள் இல்லை. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பொப்பிசை பாடித் திரிந்த ‘தேன்சிட்டுகள்’ என்ற மூன்று பெண்களில் நடுத் தேன்சிட்டு இவர்தான். பெல்பொட்டம், முகத்தில் பாதியை மூடிய கறுப்புக் கண்ணாடி, இரண்டு பக்கமும் இன்னொரு வீட்டுச் சகோதரிகள் இருவர் இடுப்பை ஆட்ட, நடுவில் மைக்கோடு அன்ரி. அந்தப் படம் அவர் வீட்டு ஹோலில் தொங்குகிறது. சாமிப் படத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

அவர்களுடைய ஒரே பாட்டுத்தான் நாடெங்கும் ஓடியது. கல்யாண வீடு, கார்னிவல், பஸ், சலூன், எல்லா இடத்திலும் அதுதான்.

‘நில்லுங்கோ நில்லுங்கோ டிரைவர் அண்ணை,
நிமிசம் ஒண்டு பொறுங்கோ அண்ணை,
வாற ஆள் வரட்டும், வந்தாப் போல ஓட்டுங்கோ,
ஹோர்ன் அடிச்சு ஹோர்ன் அடிச்சு ஏனண்ணை கோவம்?’

உங்களில் வயது போனவர்கள் இப்போதே வாயை அசைக்கத் தொடங்கியிருப்பீர்கள். மற்றவர்கள் அம்மாவைக் கேளுங்கள். பாட்டு வந்து ஐம்பது வருடமாகிறதாம். ஆனால் அன்ரிக்கு அதன் வருமானம் இன்றும் வருகிறது. கடைக்குப் போனால் கறிவேப்பிலை சும்மா கிடைக்கும். கல்யாண வீட்டில் முதல் பந்தி. கோயிலில் ஐயரே ஒருமுறை தீபாராதனைத் தட்டோடு நின்று, “அக்கா, அந்த ஹோர்ன் அடிக்கிற இடம்…” என்று கேட்டிருக்கிறார்.

அன்ரியின் மகளுக்கு மட்டும் இதெல்லாம் ஏறாது. இங்கே பிறந்த பிள்ளை, வங்கியில் வேலை. “மம், இட்ஸ் அ சோங் அபவுட் அ பஸ்,” என்றுவிட்டுக் காதில் எதையோ மாட்டிக்கொண்டு போய்விடும்.

2

பாட்டின் ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாடுவது என்று எங்கள் தமிழ்ச் சங்கம் முடிவெடுத்தது. தலைவர் சத்தியசீலன் அங்கிள் ஓய்வுபெற்ற கண் வைத்தியர். கண்ணை விட்டாலும் வாயை விடவில்லை. கூட்டத்தில் எழுந்து பாட்டுக்கு விளக்கம் சொன்னார்.

“பஸ் எண்டா வெறும் பஸ் இல்லை. அது எங்கடை இனம். டிரைவர் எண்டது தலைமை. ‘வாற ஆள்’ எண்டு அக்கா பாடினது விடிவை. அந்த வயசிலயே எவ்வளவு தீர்க்கதரிசனம்!”

ரோகிணி அன்ரி தீர்க்கதரிசி மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் மூலையில் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். “அப்ப ஹோர்ன் ஆர் அங்கிள்?”

“தம்பி, நீர் வயரைப் பாரும்.”

பிறகுதான் அங்கிள் குண்டைப் போட்டார். “இந்த முறை ரெக்கோர்ட்டுக்கு வாயசைக்கிற வேலை வேண்டாம். ஐம்பதாவது வருசம். அக்கா லைவாப் பாடோணும். இளம் சந்ததி அந்தக் குரலை நேரில கேக்கோணும்.”

எல்லோரும் கை தட்டினார்கள். அன்ரியும் தட்டினார். ஆனால் உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொடவில்லை. நான் பக்கத்தில் நின்றபடியால் பார்த்தேன்.

எத்தனையோ மேடைகளில் அன்ரிக்கு நான்தான் பாட்டைப் போட்டிருக்கிறேன். பழைய ரெக்கோர்ட்டை ஓட விடுவேன், அவர் மைக்கைப் பிடித்து வாயசைப்பார், இடுப்பாலும் கொஞ்சம் அசைப்பார், சனம் எழுந்து ஆடும். வயது போன ஆள், மூச்சு வாங்கும், அதுதான் வாயசைக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் குசினிக்கு என்னைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். கேட்காமலே இரண்டு வடையும் வைத்தார். வடைக்குப் பின்னால் ஏதோ வேலை இருக்கிறது.

“குகன், எனக்குத் தொண்டை நோ.”

“காலமை பக்கத்து வீட்டு நாயோட நல்லாத்தானே சண்டை பிடிச்சனீங்கள்.”

“விழா அண்டைக்கு நோ வரும்.”

“நோவுக்கும் அப்பொயின்ற்மென்ற் எடுத்தாச்சோ அன்ரி?”

அன்ரி சிரிக்கவில்லை. கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருந்தார். “டேய், பகிடியை விட்டிட்டுக் கேள். ரெக்கோர்ட்டில பாடினது நான் இல்லை.”

“அப்ப?”

“பவளம். என்ரை சிநேகிதி. இப்ப மெல்பேர்ணில மகனோட இருக்கிறாள். மேடையிலயும் அவள்தான் திரைக்குப் பின்னால நிண்டு பாடுறவள். நான் முன்னால நிண்டு வாயசைப்பன். எனக்கு முகம் நல்லா இருந்தது, அவளுக்குக் குரல் நல்லா இருந்தது. அவ்வளவுதான்.”

“அவவுக்கு முகம் என்ன, பழுதோ?”

“முகத்துக்கு ஒண்டுமில்லை. வீட்டில விடேல்லை.”

அன்ரி வாயசைப்பது வயதால் வந்த பழக்கம் இல்லை, தொழிலே அதுதான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிரிப்பு வந்தது. தேத்தண்ணியைக் காட்டி அதை மறைத்தேன்.

“சிரிக்காதை. அவளைக் கூட்டிக்கொண்டு வா. திரைக்குப் பின்னால நிண்டு பாடட்டும். ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். நான் லைவா நிக்கிறன், அவள் லைவாப் பாடட்டும். சத்தியசீலனுக்கு லைவ் கிடைச்சாச் சரிதானே?”

கணக்குப் பார்த்தால் அதில் ஒரு பிழையும் இல்லை.

3

கடைக்காரருக்கு ட்ருகனினாவில் ஒரு கிட்டங்கியிலிருந்து சாமான் எடுக்க இருந்தது. வானை எடுத்துக்கொண்டு மெல்பேர்ணுக்குப் போனேன். பவளம் அன்ரி இருப்பதும் அதே ட்ருகனினாவில்தான். அங்கே வீடு கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை. எல்லா வீடும் ஒரே சாம்பல் நிறம், ஒரே கராஜ், ஒரே குட்டி மரம் ஒரே தடியில் கட்டப்பட்டு நிற்கும். வழி சொல்கிற போன் அக்காவே, வந்துவிட்டீர்கள் என்று ஒரு வெறுங்காணிக்கு முன்னால் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

பவளம் அன்ரியின் மகன் பிரதீபன் கதவைத் திறந்தார். கணக்காளர். தலைமயிருக்குப் புதிதாகக் கறுப்பு அடித்திருந்தார், காதிலும் கொஞ்சம் பட்டிருந்தது. விசயத்தைச் சொன்னேன். அவருக்கு முதலே தெரிந்திருந்தது. ரோகிணி அன்ரி போனில் அழுதிருக்கிறார்.

“அம்மா பாடுறதில எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை,” என்று தொடங்கினார். ஒரு பிரச்சினையும் இல்லை என்று தொடங்குகிற ஆளிடம்தான் முழுப் பிரச்சினையும் இருக்கும். “டைமிங்தான் சரியில்லை. ஒரு கல்யாணப் பேச்சுக்கால் நடக்குது.”

“ஆருக்கு அண்ணை, மகளுக்கோ?”

“எனக்கு.”

அவர் தந்த தேத்தண்ணி மூக்கால் வராமல் பார்த்துக்கொண்டேன். முதல் கல்யாணம் முறிந்து சில வருடமாகிறது. இது இரண்டாவது. பெண் சிட்னி, பல் வைத்தியர், அவருக்கும் இது இரண்டாவது. ஆனாலும் பேச்சுக்கால் பேச்சுக்கால்தானே? சாதகம் பார்த்தாயிற்று. போட்டோ போயிற்று. பெண் வீட்டார் சங்க விழாவுக்கு வருகிறார்கள். இவரும் விமானத்தில் வந்து அவர்களோடு இரண்டாவது வரிசையில் இருக்கப் போகிறார்.

“அம்மா ஒரு டீசன்ற் ரிட்டயர்ட் ரீச்சர் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். இந்த நேரம் பார்த்து அவ ஸ்டேஜில ஏறி டிரைவர் அண்ணை பாடினா, அந்த ஆக்கள் என்ன நினைப்பினம்? யூ நோ எங்கடை ஆக்களை.”

“உங்களை மாதிரித்தான் அண்ணை இருப்பினம்,” என்றேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

“பின்னால நிண்டு பாடட்டும், ஓகே. பேர் சொல்லக் கூடாது. முகம் தெரியக் கூடாது. வீடியோவில வரக் கூடாது. பேச்சு முடியட்டும், பிறகு என்னவும் செய்யட்டும்.”

பவளம் அன்ரி இவ்வளவு நேரமும் ரீவிக்கு முன்னால் இருந்து சத்தத்தைக் குறைத்து வைத்து ரெனிஸ் பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த, உயர்ந்த ஆள். கணக்கு ரீச்சராக இருந்தவர் என்பது பார்வையிலேயே தெரிந்தது. மகன் நிபந்தனைகளைச் சொல்லி முடித்ததும் பெரிதாகச் சிரித்தார்.

“ஏனம்மா சிரிக்கிறீங்கள்?”

“ஒண்டுமில்லையடா. நீ என்ரை அண்ணரை அப்படியே உரிச்சு வைச்சிருக்கிறாய்.”

மகனுக்கு மாமா மாதிரி இருப்பதில் பெருமை. எனக்கு விளங்கவில்லை.

விமான ரிக்கெற் போடுவோமா என்று கேட்டேன். பிரதீபன் அண்ணை வானை எட்டிப் பார்த்து, “உம்மோட கதைச்சுக்கொண்டு வந்தா அம்மாவுக்குப் பிராக்கா இருக்கும்,” என்றார். கணக்காளர் அல்லவா.

4

அடுத்த நாள் விடிய வெளிக்கிட்டோம். பின்னால் மிளகாய்த்தூள் பெட்டிகள், முன்னால் பவளம் அன்ரி, கழுத்தில் ஒரு மப்ளர். மெல்பேர்ண் எல்லையைத் தாண்டினோம். வயல்வெளியும் மாடும் தொடங்கியதும் கேட்டார்.

“ரோகிணி இன்னும் பவுடர் போடுறவளோ?”

“ஒரு நாளைக்கு ஒரு பேணி முடியும். கோயிலுக்குப் போனா மூலஸ்தானத்தைப் பூட்டினாப் பிறகுதான் போய்ச் சேருவம்.”

“அந்தப் பவுடராலதானடா தம்பி அந்தப் பாட்டே.”

பிறகு சொன்னார். அவரும் ரோகிணி அன்ரியும் அந்த இரண்டு சகோதரிகளும் ஒரே ஊர், ரவுனில் ஒரே ரியூசன். காலையில் ஒரே பஸ். மற்றவர்கள் ஏறிவிடுவார்கள், ரோகிணி வந்திருக்க மாட்டார். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் பவுடர் அடித்துக்கொண்டிருப்பார். டிரைவர் ஹோர்ன் அடிப்பார், பேசுவார், எடுக்கப் பார்ப்பார். ஒருநாள் பவளம் அன்ரி மிதிபலகையில் நின்று, எரிச்சலில் வாயில் வந்ததைப் பாட்டாகக் கட்டிப் பாடினார். டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் நின்றது. அதன் பிறகு அது நாளாந்தம் நடக்கிற கூத்தாயிற்று. அன்ரி பாடாவிட்டால் டிரைவரே பாடச் சொல்வாராம்.

“அப்ப வாற ஆள் எண்டது காதலன் இல்லையோ?”

“காதலன் எங்கயடா, இந்த மூதேவிதான்.”

“இனத்தின்ரை விடிவும் இல்லையோ?”

“ஆர் சொன்னது?”

“சத்தியசீலன் அங்கிள்.”

“அவருக்குக் கண்ணில என்ன வருத்தம்?”

சகோதரிகளின் மச்சான் ஒருவருக்குக் கிற்றார் தெரியும். பாட்டைக் கேட்டு மெட்டைச் சரிப்படுத்தினார். கொழும்பில் ரேடியோவுக்குப் பாட அழைப்பு வந்தது. அப்போதுதான் பவளம் அன்ரியின் தமையனார் குறுக்கே வந்தார். தங்கைக்கு ஒரு பிறக்கிராசி மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். அதாவது சட்டத்தரணி. பெட்டை பொப் பாடுகிறாள் என்று தெரிந்தால் பேச்சு முறிந்துவிடும். பவளம் அன்ரி அழுது, பட்டினி கிடந்த பிறகு, கடைசியில் தமையனார் இறங்கி வந்தார்.

“என்னெண்டு சொன்னவர் தெரியுமே? பாடட்டும், ஆனாப் பேர் சொல்லக் கூடாது. முகம் தெரியக் கூடாது.”

மகன் தன் அண்ணரை அப்படியே உரித்து வைத்திருக்கிறார் என்று அவர் சிரித்தது இப்போது விளங்கியது.

“ரேடியோவில, பாடியவர் ரோகிணி எண்டு சொன்னாங்கள். கார்னிவலில ஒரு கறுத்தத் திரைக்குப் பின்னால என்னை நிப்பாட்டினாங்கள். கிடுகும் தூசும். நான் அங்க தும்மினா, முன்னால ரோகிணியும் சேர்ந்து தும்மோணும்.”

“பிறக்கிராசி என்ன செய்தார்?”

“முறிஞ்சு போச்சு. பாட்டால இல்லை. சீதன வீட்டுக் கிணறு பங்குக் கிணறாம். தனிக் கிணறு வேணுமாம்.”

“அப்பவே வெளியில வந்து சொல்லியிருக்கலாமே அன்ரி?”

“சொல்லலாம் எண்டிருக்க அடுத்த பேச்சுக்கால் வந்திட்டுது. பிறகு அடுத்தது. எங்கடை வீட்டில எப்பவும் ஆருக்கோ பேச்சு நடந்துகொண்டுதானே இருக்கும்.”

கடைசியில் ஒரு தபாலதிபரைக் கட்டினார். நல்ல மனிதர். அந்தப் பாட்டென்றால் அவருக்கு உயிர். ரேடியோவில் போனால் வீட்டில் எல்லோரும் மூச்சுக் காட்டக் கூடாது.

“நான் குசினிக்குள்ள என்னவோ கேட்டிருப்பன். ‘உஷ்! கதையாதையும், ரோகிணி பாடுறா’ எண்டுவார். பாட்டு முடிய, ‘குரல் எண்டா அதெல்லோ குரல். நீரும் இருக்கிறீரே, தேவாரம் படிச்சாச் சாமி எழும்பிப் போயிடும்’ எண்டுவார்.”

நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். “நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“முதல்ல சொல்லப் பயம். பிறகு சொன்னா நம்பமாட்டார். அதுக்கும் பிறகு…” மப்ளரைச் சரிப்படுத்தினார். “சண்டை பிடிச்சுக் கதையாமல் இருக்கிற நாளிலயும் அந்தப் பாட்டுப் போனா மனுசன்ரை முகம் மலரும். பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டிருப்பன். அதைக் கெடுப்பானேன் எண்டு விட்டிட்டன். போன வருசம் ஆள் போயிட்டுது. ரோகிணியின்ரை குரல் கேட்டுக்கொண்டே போயிட்டுது.”

எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிறவன் நான். ஒன்றும் வரவில்லை. வானின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தேன்.

“என்ன தம்பி, பற்றரி முடிஞ்சுதோ?” என்றார்.

“பாடிக் காட்டுங்கோ அன்ரி. எனக்குச் சவுண்ட் செற் பண்ணோணும்.”

அவர் யன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாடினார். ரெக்கோர்ட்டில் இருக்கிற துள்ளல் குரல் இல்லை. கீழே இறங்கி, கரகரத்து, ஆனால் ஒரு இடத்திலும் வழுக்காமல் வந்தது. டிரைவரைக் கெஞ்சுகிற பாட்டு என்று நினைத்திருந்தேன். இவர் பாடும்போது அது கெஞ்சல் இல்லை, அதட்டல். எங்கேயோ தடம் மாறும்போது போட்ட இன்டிகேற்றரை நிறுத்த மறந்து நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். பின்னால் வந்த லொறிக்காரன் நீட்டி ஹோர்ன் அடித்தான். அன்ரி பாட்டை நிறுத்தவில்லை. பக்கக் கண்ணாடிக்குள்ளால் அவனைப் பார்த்தே பாடினார்:

‘ஹோர்ன் அடிச்சு ஹோர்ன் அடிச்சு ஏனண்ணை கோவம்?’

வழியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் நின்றோம். கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். “அன்ரி, உண்மையா உங்களுக்கு விருப்பமோ, பின்னால நிண்டு பாட?”

“பாட விருப்பம்,” என்றார். கோப்பியோடு வானில் ஏறிக்கொண்டார்.

5

இரண்டு சிநேகிதிகளும் பென்டில் ஹில் வாசலில் கட்டிப்பிடித்தார்கள்.

“எடியே, வத்திப் போனாய்!”

“நீ எனக்கும் சேர்த்துத் திண்டிருக்கிறாய்.”

அன்றிரவு ஹோலில் தொங்கிய படத்துக்கு முன்னால் பவளம் அன்ரி கனநேரம் நின்றார். “இதில நான் எங்க நிண்டனான் தெரியுமே?” என்று கேட்டு, படத்தின் பின்னணியில் தெரிந்த கறுப்புத் துணியில் ஓரிடத்தைத் தொட்டார். ரோகிணி அன்ரி போய்த் தேத்தண்ணி போட்டார்.

விழா நாள். மண்டபம் மாநகரசபையுடையது. எங்கள் பண்பாட்டுக்கு அவர்கள் தரும் மரியாதை பத்துப் பக்கத்தில் அச்சடித்துக் கதவில் ஒட்டியிருந்தது. கற்பூரம் கூடாது, சாம்பிராணி கூடாது, நெருப்பே கூடாது. புகை மணி அடித்தால் தீயணைப்பு வண்டி வரும், வந்த செலவு சங்கத்தின் தலையில். ஆகவே குத்துவிளக்குக்குப் பற்றரி போட்ட திரிகள். பிரதம விருந்தினர் பயபக்தியோடு சுவிட்சைத் தட்டி மங்கள விளக்கை ஏற்றினார். ஒரு திரி எரியவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

திரைக்குப் பின்னால் ஒரு கதிரை, ஒரு மைக், பவளம் அன்ரி. ஊதா நிறப் பட்டுச் சேலை உடுத்திக்கொண்டு வந்திருந்தார். ஒருவருக்கும் தெரியாமல் நிற்கப் போகிற ஆளுக்கு எதற்குப் பட்டுச் சேலை என்று அப்போது நான் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது வரிசையில் பிரதீபன் அண்ணை, கோட்டும் ரையுமாக. பக்கத்தில் பல் வைத்தியரான பெண், அவருடைய தாய், தகப்பன். பிரதீபன் அண்ணை பல் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். தொழில் தெரிந்த ஆளுக்கு முன்னால் பயம் போல.

சத்தியசீலன் அங்கிள் பஸ்ஸையும் இனத்தையும் பற்றிப் பேசி முடிக்க, முன்வரிசையில் இரண்டு பேர் நல்ல நித்திரை. பிறகு இசை தொடங்கியது. ரோகிணி அன்ரி கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்றார். மண்டபம் விசில் அடித்தது. குரல் வந்தது.

முதல் அடியிலேயே சனம் எழுந்துவிட்டது. “வயசு போயும் பார் குரலை!” என்று ஒருவர் என் காதுக்குள் கத்தினார். ரோகிணி அன்ரியின் வாய் ஒரு எழுத்துப் பிசகவில்லை. ஐம்பது வருடத் தொழில் அல்லவா. பிரதீபன் அண்ணை கையைத் தொடையில் தட்டித் தாளம் போட்டார், வேறு யாருடையவோ அம்மா பாடுவது போல.

இரண்டாவது சரணத்தின் நடுவில் குரல் நின்றது.

இசை ஓடுகிறது. ரோகிணி அன்ரியின் வாய் ஓடுகிறது. இடுப்பும் ஓடுகிறது. சத்தம் மட்டும் இல்லை. மண்டபம் முழுவதும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது.

“சவுண்ட்! சவுண்ட்!”

“எங்கை பிடிச்சவங்கள் இவனை?”

சத்தியசீலன் அங்கிள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். “தம்பி, வயர்! வயரைப் பாரும்!”

நான் இருந்த இடத்திலிருந்து திரைக்குப் பின்பக்கம் தெரியும். பவளம் அன்ரி கதிரையை விட்டு எழுந்து, மைக்கை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி நின்றார். என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“தம்பி, மைக் வேலை செய்யுதோ?”

அது மண்டபம் முழுவதும் கேட்டது. நான் தலையாட்டினேன்.

“அப்ப சரி.”

திரையை விலக்கிக்கொண்டு வெளிச்சத்துக்குள் நடந்து வந்தார். ரோகிணி அன்ரியின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. பவளம் அன்ரி போய் அவருடைய தோளில் கை வைத்தார்.

“தள்ளி நில்லடி ரோகிணி.”

அதுவும் மைக்கில் போனது. பிறகு, விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தார்.

மண்டபத்துக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் பயந்தது ரோகிணி அன்ரியைப் பற்றித்தான். அழுவாரா, மயங்கி விழுவாரா, ஓடுவாரா என்று பார்த்தேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பவளத்தைப் பார்த்தார். பிறகு இரண்டடி இடப்பக்கம் போய், அந்தக் காலத்தில் சகோதரிகள் நின்ற ஓரத்தில் நின்றுகொண்டு, இடுப்பை ஆட்டத் தொடங்கினார். வாயை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டார்.

இரண்டாவது வரிசையில் பெண் வீட்டுத் தகப்பன் கதிரையில் ஏறி நின்று விசில் அடித்தார். பெண் பிரதீபன் அண்ணையிடம் குனிந்தார். நான் வயரைப் பார்க்கிற சாட்டில் அந்தப் பக்கம் போனேன்.

“உங்கடை அம்மாவோ? போட்டோவில பார்த்த முகம். ரிட்டயர்ட் ரீச்சர் எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“ரீச்சர்தான்… மத்ஸ்…”

“இதை ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் என்ன நினைப்பீங்களோ எண்டு…”

“நாங்கள் என்ன நினைப்பம் எண்டு அம்மாவைத் திரைக்குப் பின்னால விட்டனீங்களோ? அப்ப என்னை எங்கை விடுறதா யோசிச்சு வைச்சிருக்கிறீங்கள்?”

அந்தப் பேச்சுக்கால் என்னாயிற்று என்று ஊரிலிருந்து கேட்பீர்கள். முறிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. அந்தப் பெண் இப்போது கிழமைக்கு ஒருமுறை போன் எடுக்கிறார், பவளம் அன்ரிக்கு மட்டும்.

பாட்டு முடிந்தது. சத்தம் அடங்கவில்லை. சத்தியசீலன் அங்கிள் மேடைக்கு ஏறி, தடுமாறி, பிறகு பழக்கதோசத்தில் தேறினார். “அன்பர்களே! இன்று நாங்கள் பார்த்தது ஒரு குறியீடு. மறைக்கப்பட்ட ஓர் இனம் திரையைக் கிழித்துக்கொண்டு…”

“ஐயா,” என்றார் பவளம் அன்ரி, வகுப்பில் கடைசி வாங்கில் கதைக்கிற பெடியனை நிறுத்துகிற குரலில். “நான் பவளராணி. நான்தான் பாடினது. இவள் பவுடர் போட்டுப் பிந்தினதுக்குப் பாடின பாட்டு இது. பஸ் எண்டது பஸ்தான்.”

மண்டபம் சிரித்ததில் என் மீற்றர் ஊசி சிவப்புக்குப் போய் வந்தது. பிரதீபன் அண்ணையும் சிரித்தார் என்று நினைக்கிறேன். முகத்தைக் கையால் மூடியிருந்தபடியால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

பொன்னாடை ஒன்றுதான் வாங்கியிருந்தார்கள். ரோகிணி அன்ரிக்குப் போர்த்த விரித்ததை அங்கிள் விரித்தபடியே வைத்துக்கொண்டு யாருக்கு என்று தெரியாமல் நின்றார். ரோகிணி அன்ரியே அதை இழுத்துப் பவளத்தின் தோளில் போட்டார். பிறகு கண்ணாடியில் செய்த நினைவுக் கேடயத்தை மேசையில் இருந்து எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். “இந்தாடி. உனக்குத்தான் சேரோணும்.”

பவளம் அன்ரி மூக்குக் கண்ணாடி போடவில்லை. கேடயத்தைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, அதில் பொறித்திருந்ததை மைக்கிலேயே வாசித்தார்.

“பாடியவர், ரோகிணி.”

அவர் கேடயத்தைச் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்து, ரோகிணி அன்ரியின் கைக்குள் திருப்பி வைத்தார்.

“இதை நீயே வைச்சிரு. பாவம், எவ்வளவு காலம் ஆடினனீ.”

பிறகு சத்தியசீலன் அங்கிள் பக்கம் திரும்பினார்.

“எனக்குப் புதுசா ஒண்டு அடியுங்கோ. எழுத்துக் கொஞ்சம் பெரிசா இருக்கட்டும், கடைசி வரிசைக்கும் தெரியோணும்.”